அம்மாவுக்கு எந்தப் பிரஷ் என்று கேட்ட மகனுக்கு

அன்பு மகனே,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றக் கதைக்குப் போக வேண்டும். அந்த ஒரு வரியை எழுதி எழுதியே இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அம்மா சாப்பிடுகிறார். கைத்தடியுடன் முற்றம் வரை நடக்கிறார். பின்னேரங்களில் கேற்றடியில் கதிரை போட்டு இருந்து, நம் ஊர் வீதிகளில் திரியும் மான்களைப் பார்க்கிறார். நான் வழமைபோல எல்லாவற்றுக்கும் பதறிக்கொண்டு, பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். இதைச் சுகம் என்று எடுப்பதா இல்லையா என்பதை நீயே தீர்மானித்துக்கொள்.

போன கிழமை நீ டோகாவில் இருந்து வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாய். "அப்பா, கலியாணத்துக்கு வரேக்க அம்மாக்குப் பல்லுத் தீட்ட நல்ல கரண்ட் பிரஷ் ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன். எது நல்லம் எண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ." கூடவே பதினொரு படங்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வரியில் பதில் வரும் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். எனக்கு அது மூன்று நாள் வேலையாகப் போய்விட்டது. எந்தப் பிரஷ் என்று சொல்வதென்றால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் இரண்டு பிரஷ்களும் ஏன் சும்மா கிடக்கின்றன என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதென்றால், அம்மா எனக்கு ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் போனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நான் உனக்கு மறைத்துவிட்டேன். இதை வாசித்த பிறகு, சல்லி அம்மன் கோயிலில் நீ தாலி கட்டும்போது நான் உனக்குப் பக்கத்தில் நிற்பதை நீ விரும்புவாயோ என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுகிறேன். உனக்கு மனைவியாக வரப்போகும் பிள்ளையும் இதை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். போன வருஷம் ஐப்பசியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது பக்க முகமும் அவர் சொல் கேட்பதில்லை. பேச்சும் போய்விட்டது. நெடுநாளாக இரண்டே இரண்டு சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. ஒன்று, சம்மதத்துக்கு ஓம். மற்றது ஏலாது. சாப்பிடும்போது சோறு வலது கன்னத்துக்குள் போய்த் தங்கிவிடும். அது தங்கியிருப்பது அவருக்குத் தெரியாது. வாய் துப்புரவில்லாவிட்டால் அந்த அழுக்கு நெஞ்சுக்குள் இறங்கிச் சளி கட்டிவிடும் என்று டொக்டர் சொன்னார். மாசியில் அப்படியே நடந்தது. ஒன்பது நாள் வார்ட்டில் இருந்தோம். "வாயைப் பாத்துக்கொள்ளுங்கோ ஐயா, மற்றதெல்லாம் பிறகு" என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து எனக்கு அம்மாவின் வாயைத் தவிர வேறு யோசனை இல்லை.

பெண் வீட்டார் நம் வீட்டுக்கு வந்த அன்று அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடியே இருந்தார். அந்தப் பிள்ளை கிட்ட வந்து இருந்தபோது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். தன் வாயில் மணம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர்கள் போன பிறகு நான் கலியாண அழைப்பிதழைக் கொண்டுபோய்க் காட்டி, "உமக்கு என்ன நிறத்தில சேலை எடுப்பம்?" என்று கேட்டேன். அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஏலாது" என்றார். கலியாணத்துக்கு வரமாட்டாராம். உன் தலையில் பாலும் அறுகும் வைத்து உன்னைக் குளிக்க அனுப்ப வேண்டிய முதல் ஆள் அவர். பெற்ற தாய் வீட்டுக்குள் இருக்க வேறு யாரையோ கூப்பிட்டு உனக்குப் பாலறுகு வைப்பதா? இதை நான் உனக்குப் போனில் சொல்லவில்லை. கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது.

இனிப் பிரஷ் கதைக்கு வருகிறேன். முதலாவதைப் பிரதான வீதியில் ஒரு கடையில் வாங்கினேன். சின்ன பற்றரி இரண்டு போட்டால் ஓடும். நான் வாழ்நாளில் பாதியை இழுவைப் படகின் இயந்திர அறையில் கழித்தவன். எந்த இயந்திரத்தையும் முதலில் காதில் வைத்துத்தான் பார்ப்பேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்க்கப் பார்க்க அந்தப் பிரஷையும் காதில் வைத்துக் கேட்டேன். தும்பி சிறகடிக்கிற மாதிரி ஒரு சத்தம், உள்ளே வலு இல்லை. அப்போதே விட்டிருக்க வேண்டும். பதற்றக்காரனுக்குக் கடையை விட்டு வெறும் கையோடு வருவது கஷ்டம், வாங்கிவிட்டேன். பிடி என் விரல் மொத்தம்கூட இல்லை. அம்மாவின் இடது கைக்குள் அது நிற்காமல் வழுக்கியது. சுவிட்சை அமத்த ஆணுக்கே பெலன் வேண்டும். அவர் இடது பெருவிரலால் இரண்டு தரம் முயன்றார். பிறகு அதைக் கழுவுதொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஒன்று மட்டும் படித்தேன். பிரஷின் தலையைப் பார்த்து வாங்கக் கூடாது, கையைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது லண்டனில் இருந்து உன் மாமி அனுப்பியது. நல்ல பிரஷ். பிடி மொத்தம், தலை சின்ன வட்டம், சத்தத்தில் வலு இருந்தது. ஆனால் அதன் சார்ஜருக்கு இரண்டு கால், நம் சுவரில் மூன்று துளை. மேல் துளைக்குள் ஏதாவது ஒன்றைக் குத்தினால்தான் மற்ற இரண்டும் திறக்கும். இந்த ஊரில் எல்லாரும் செய்வதுபோல நானும் பேனை மூடியைக் குத்தித்தான் செருகினேன். செருகிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடி முழங்கினால் ஓடிப்போய்க் கழற்றுவேன். கரண்ட் போய் வந்தால் கழற்றுவேன். குளியலறை ஈரத்தில் வைக்கப் பயந்து, சார்ஜரை அறையில் அலுமாரிக்கு மேல் வைத்தேன். தினமும் அங்கிருந்து பிரஷைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோவேன். அம்மாவின் வாய்க்குள் வைக்க முன் என் வாய்க்குள் வைத்துப் பார்ப்பேன், கரண்ட் அடிக்கிறதா என்று. நீ சிரிப்பாய். சிரி. நீ இங்கே இருந்திருந்தால் நான் இவ்வளவு பைத்தியம் பிடித்து அலைந்திருக்க மாட்டேன்.

அந்தப் பிரஷின் கழுத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் அம்மாவின் பல்லில் வைத்துத் தீட்டத் தொடங்கியதும் அது சிவப்பாக எரியும். சிவப்பு எரிந்தால் சார்ஜ் குறைந்துவிட்டது என்பதுதான் எனக்குத் தெரிந்த பாஷை. போன், டோர்ச், எல்லாம் அப்படித்தானே. பெலன் குறைந்த பிரஷ் என்று நினைத்து நான் இன்னும் அமத்தித் தீட்டினேன். முடித்ததும் கொண்டுபோய்ச் சார்ஜில் போட்டேன். அடுத்த நாளும் வைத்தவுடன் சிவப்பு. இன்னும் அமத்தினேன். ஐந்தாம் நாள் மாமிக்குப் போன் எடுத்து, "நீங்கள் அனுப்பினது பழுதுபோல, சார்ஜ் நிக்குதில்லை" என்று குறையும் சொன்னேன். அம்மாவின் பல் முரசால் இரத்தம் வந்தது. முரசு பலவீனம், அதனால் வருகிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நான் துவாயும் பிரஷுமாகப் போக அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "வாயைத் திறவும்" என்றேன். தலையை ஆட்டினார். கெஞ்சினேன். கொஞ்சம் சத்தமும் போட்டேன், உனக்கு ஒளிக்கவில்லை. "ஏலாது" என்றார்.

நான் யாருக்கும் மெல்லமாய்ப் பல்லுத் தீட்டிவிட்டவன் இல்லை. உனக்கு ஆறு வயதிருக்கும், பின் வளவுக் குழாயடியில் உன் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, கடைவாய்க் கொடுப்புப் பல் வரைக்கும் நானே தீட்டிவிடுவேன். நீ கத்துவாய். குசினிக்குள் இருந்து அம்மா, "இஞ்சேருங்கோ, அது பிள்ளையின்ர வாய். உங்கட எஞ்சின் இல்லை" என்பார். கத்தியையும் தீட்டுகிறோம், பல்லையும் தீட்டுகிறோம், சொல் ஒன்றென்றால் செயலும் ஒன்றுதான் என்று நினைத்தவன் நான். கம்பித் தூரிகையால் புகைக்கரி சுரண்டிய கை. சுரண்டினால்தான் துப்புரவு என்று அது பழகிவிட்டது. உன் பிரஷ் மூன்று மாதத்தில் விரிந்து போய்விடும், அதை என் உழைப்பின் அடையாளம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். உனக்கு இன்றைக்கும் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது என்றாயே. அதுவும் என் கைவேலைதான்.

பல் கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், பிரஷையும் துவாயில் சுற்றிக் கொண்டுபோனேன். அங்கே சம்பூர்ப் பிள்ளை ஒருத்தி தாதியாக இருக்கிறாள். உன் வயதுதான் இருக்கும். "மிஸி, இந்தப் பிரஷ் பழுது. வைச்சவுடன சிவப்பு எரியுது" என்றேன். வாங்கிப் பார்த்தாள். தன் உள்ளங்கையில் வைத்து ஓடவிட்டாள், வெளிச்சம் எரியவில்லை. என்னிடம் தந்து, "நீங்கள் எப்பிடிச் செய்யிறனீங்கள், என்ர கையில செய்து காட்டுங்கோ ஐயா" என்றாள். செய்தேன். சிவப்பு எரிந்தது.

"சார்ஜ் இல்லை எண்டு இல்லை ஐயா. நீங்கள் அமத்துறீங்கள் எண்டு அது சொல்லுது."

"அப்ப என்னெண்டு தீட்டுறது?"

"நீங்கள் தீட்ட வேண்டாம். அது தானாத் தீட்டும். நீங்கள் பல்லில வைச்சுக்கொண்டு சும்மா இருந்தாப் போதும்."

மகனே, அந்த இடத்தில் எனக்குக் கூசிப்போனது. எட்டு நாள் அந்தப் பிரஷ் நிறுத்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதையே பழுது என்று சொல்லி, அம்மாவின் முரசைப் புண்ணாக்கியிருக்கிறேன். இத்தனைக்கும் இழுவைப் படகில் முதல் படிப்பிக்கும் பாடமே இதுதான். பெரிய கப்பலைத் துறைமுக ஜெட்டிக்குக் கொண்டுவரும்போது படகின் மூக்கை அதன் விலாவில் வைத்துச் சாய்ந்து நிற்க வேண்டும், இடிக்கக் கூடாது. தொழிலில் தெரிந்த விஷயம் வீட்டுக்குள் வரும்போது எங்கே போனதோ தெரியாது.

பிறகு அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்து, "அம்மா, நான் ஒருக்காப் பாக்கட்டோ?" என்று கேட்டாள். அம்மா உடனே வாயைத் திறந்தார். இரண்டு நிமிஷம், பொறுமையாக, வலது கன்னத்துக்குள்ளும் விட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுத்த நாள் காலை, அவள் காட்டியபடியே, தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, "இஞ்ச பாரும், இண்டைக்கு நோகாது" என்றேன். திறக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் திறக்கவில்லை. இடது கையால் சாதாரணப் பிரஷில் தானே கொஞ்சம் செய்வார், வலது பக்கம் எட்டாது. எனக்கு மட்டும் அந்த வாய் திறக்காது. அப்போதுதான் விளங்கியது, பிழை பிரஷில் இல்லை என்று.

இனி அந்தக் காலை. ஊருக்கெல்லாம் நான் சொன்ன கதை உனக்கும் தெரியும். "நான் விடியவே மீன் வாங்கப் போயிட்டன். போகேக்க நல்லாத்தான் இருந்தவ. வந்து பாத்தா விழுந்து கிடக்கிறா." பொய், மகனே. நான் போகும்போது அவர் நல்லாக இருக்கவில்லை. நான் சைக்கிளில் பையைக் கொழுவிக்கொண்டு நின்றேன், அவர் பின் வளவில் பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தார். பிரஷ் கையில் இருந்து விழுந்தது. விழுந்த பிரஷைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, எனக்கு ஏலாமக் கிடக்கு" என்றார். முப்பது வருஷமாக நான் கேட்கும் சொல். தலையிடி என்றாலும் ஏலாது, வெக்கை என்றாலும் ஏலாது, என்னோடு கோபம் என்றாலும் ஏலாது. பிந்தினால் சல்லிக் கரைக்கு வரும் படகுகளின் நல்ல மீன் போய்விடும் என்ற அவசரம் எனக்கு. பிரஷை எடுத்தேன், குழாயில் அலம்பினேன், அவர் கைக்குள் வைத்து விரல்களை மடித்துவிட்டேன். "ஒழுங்காப் பிடியும். வந்து பாப்பம்" என்றேன்.

அந்த விரல்கள் திருப்பிப் பிடிக்கவில்லை. அதை என் கை உணர்ந்தது. இதைத்தான் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உணர்ந்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினேன். கேற்றைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேனா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன், ஞாபகம் வரவில்லை. ஒன்றுக்கும் உதவாததற்கெல்லாம் பதறுகிறவன் நான். பதற வேண்டிய அந்த ஒரு நாள் பதறவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கழித்துப் பாரை மீனும் கையுமாக வந்தேன். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதன் கீழே நனைந்துபோய்க் கிடந்தார். வீட்டுக்குள் போனில் உன் அழைப்பு ஒன்று எடுபடாமல் கிடந்தது. வேளைக்குக் கொண்டுவந்திருந்தால் கொடுக்க ஒரு மருந்து இருந்தது, இப்போது நேரம் தாண்டிவிட்டது என்று டொக்டர் சொன்னார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். "தெரியாது டொக்டர், நான் வீட்டில இல்லை" என்றேன்.

கட்டிலடிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அதே கதையைச் சொன்னேன். அம்மா கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் மறுத்துச் சொல்ல ஒரு சொல் இல்லை. பத்தாம் நாள் நீ வந்தாய். வார்ட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்துகொண்டு, "அப்பா, அண்டைக்கு அம்மா போன் எடுக்கேல்ல எண்டதும் நான் இன்னொருக்கா அடிச்சிருக்கோணும். ஆரையாவது போய்ப் பாக்கச் சொல்லியிருக்கோணும். முற்றம் கூட்டுறா எண்டு நினைச்சு வேலைக்குப் போயிட்டன்" என்று அழுதாய். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் தோளில் கையை வைத்து, "விடு மகன், விதி" என்றேன். அதன் பிறகு நீ ஒரு நாளைக்கு மூன்று தரம் அழைக்கிறாய். நான் ஒரு தரம் எடுக்கத் தவறினால் பக்கத்து வீட்டுக்கு அடிக்கிறாய். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் பிழையை நீ ஒரு வருஷமாகச் சுமக்கிறாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எடுபடாத அழைப்பில் உன் பிழை எள்ளளவும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது. பேச்சுப் பயிற்சிக்குப் படம் போட்ட மட்டைகள் தந்திருக்கிறார்கள், தெரியும்தானே. வைகாசியில் ஒரு நாள் அம்மா புதுச் சொல் ஒன்று சொன்னார். "மீன்." நான் மகிழ்ச்சியில் குதித்திருக்க வேண்டும். நான் அந்த மட்டையைக் கவிழ்த்து வைத்தேன். மட்டையில் மீன் படம்தான் இருந்தது. ஆனால் அவர் மட்டையைப் பார்த்துச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சொல் திரும்பி வருவதற்குக் கோயிலில் நேர்த்தி வைத்த அதே வாயால், வராவிட்டால் நல்லது என்றும் உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். இப்படி ஒரு மனிதனுக்கு அவர் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கலியாணம் செய்யப் போகும் மகனுக்கு ஒரு தகப்பன் ஒன்றாவது சொல்ல வேண்டும். நம் ஊரில் ஏலாது என்ற அந்த ஒரு சொல்லுக்குள் முடியாது, மாட்டேன், சுகமில்லை எல்லாம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். கேட்கிறவன் தனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். உன் மனைவி ஏலாது என்று சொன்னால் கையில் இருக்கும் பையைக் கீழே வை. எத்தனையாவது தரம் சொன்னாலும் கீழே வை. கிட்டப் போய்க் கையைப் பிடித்துப் பார், அது உன்னைத் திருப்பிப் பிடிக்கிறதா என்று. மீன் நாளைக்கும் வரும்.

நீ அனுப்பிய பதினொரு படத்தில் நாலை வெட்டிவிட்டேன், பிடி ஒல்லி. பிடியில் இறப்பர் சுற்றியிருக்க வேண்டும், ஈரக் கையில் வழுக்கக் கூடாது. பொத்தான் ஒன்றே ஒன்று, இடது பெருவிரல் தொட்டால் ஓட வேண்டும். தலை சின்னதாக, நார் மிக மென்மையாக. ஒரு தரம் சார்ஜ் போட்டால் ஒரு கிழமையாவது நிற்க வேண்டும், இங்கே கரண்ட் இருக்கும் போகும். நம் சுவருக்குப் பொருந்தும் காலோடு வாங்கு, பேனை மூடி குத்தும் வேலை இனி வேண்டாம். மாற்றுத் தலைகள் நாலு சேர்த்துக் கொண்டுவா, இங்கே தேடி அலைய ஏலாது. போனோடு இணைகிற பிரஷ் வேண்டாம். எவ்வளவு நேரம் தீட்டினோம், எங்கே விட்டோம் என்று அது உனக்கு டோகாவுக்கு அறிவிக்குமாம். இந்த வீட்டில் ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்றாலும், அவ்வளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். மடித்து வைத்துவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் அவர் கதையை உனக்கு அனுப்புவது இன்னொரு களவு என்று பட்டது. இன்று காலைத் தேநீருக்குப் பிறகு அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு வாசித்தேன். லண்டன் பேனை மூடிக் கதைக்கு உதட்டின் இடது பக்கம் கொஞ்சம் அசைந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு வந்ததும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. "அந்த விரல்கள் திருப்பிப் பிடிக்கவில்லை" என்ற இடத்தில் அவரைப் பார்த்தேன். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் அழுதார். மீன் என்ற இடத்தில் என்னைக் கூர்ந்து பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

முடித்ததும் எழும்பி, தடியை ஊன்றிக்கொண்டு அறைக்குள் போனார். எனக்குப் பதற்றம். பின்னாலேயே போனேன். அலுமாரிக்கு மேல் கை எட்டாமல் நின்றார். நான் அந்தப் பிரஷை எடுத்துக் கொடுத்தேன். இடது கையில் வாங்கிக் கழுவுதொட்டியடிக்குக் கொண்டுபோனார். அங்கே கிடந்த முக்காலியில் இருந்துகொண்டு, பிரஷை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்து, உள்ளங்கைக்குள் பிரஷை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். பிறகு வாயைத் திறந்தார்.

இடது பக்கம் சரியாகப் போனது. வலது கன்னத்துக்குள் வந்தபோது பயத்தில் என் கை இறுகியிருக்க வேண்டும், சிவப்பு எரிந்தது. அவர் என் மணிக்கட்டைத் தொட்டார். நுரை நிறைந்த வாயோடு, "மெல்ல" என்றார்.

அந்தச் சொல் எந்த மட்டையிலும் இல்லை, மகனே. நான் கையைத் தளர்த்தினேன். வெளிச்சம் அணைந்தது. அவர் வாயை மூடவில்லை.

என்னை மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கலியாணத்துக்கு வருவாரா என்றும் இன்னும் கேட்கவில்லை, அவசரப்படுத்தப் பயமாக இருக்கிறது. நீ என்ன சொல்வாயோ என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. கோபம் என்றால் கோபத்தையே சொல், விதி என்று மட்டும் சொல்லாதே. பிரஷை நீ விரும்பியபடி பார்த்து வாங்கு. நான் மேலே எழுதிய எதை விட்டாலும் பரவாயில்லை, அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். அது அம்மாவுக்கு இல்லை. எனக்கு வேண்டும்.

உன் அப்பா